தமிழ் மன்றமா, சாரணரா, இன்டராக்டா, சயன்ஸ் சொசைட்டியா: பாடசாலையில் எதில் சேர்வது?

முதலாம் தவணை தொடங்கி இரண்டு கிழமை போவதற்குள் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "மகன் தரம் 9, சாரணரில் சேரச் சொல்லி சேர் கேட்கிறார், இவனுக்கோ விவாதம்தான் ஆசை, எதை விடுவது?" "மகளை இன்டராக்டில் எடுத்திருக்கிறார்களாம், டியூசன் என்ன ஆகும்?" அப்புறம் பிள்ளைகளே நேரடியாகக் கேட்பது: "அண்ணா, எதில் சேர்ந்தால் ப்ளேசர் போடலாம்?" ப்ளேசர் என்பது கழகப் பதவியில் இருப்பவர்கள் போடுகிற கோட். இருப்பதிலேயே நேர்மையான கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான் என்பதால் அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

பாடசாலை விவாதங்களுக்கு நடுவராகப் போய்வருகிற ஆள் நான், அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதையும் கழித்துக்கொண்டே வாசியுங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, மருதானை, கொட்டாஞ்சேனை என்று தமிழ் மொழிமூல வகுப்பு உள்ள எந்தப் பாடசாலையிலும் கழகங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் எடுத்தால் முடியாது. அதிகம் கேட்கப்படுகிற நான்கை மட்டும் எடுக்கிறேன்: தமிழ் மன்றமும் விவாத அணியும், சாரணர் அல்லது கைட் (பெண் சாரணர்), இன்டராக்ட் அல்லது லியோ (மாணவர் சமூக சேவைக் கழகங்கள்), சயன்ஸ் மற்றும் ஐசிடி (கணினி) கழகங்கள். கடேற், பாண்ட், விளையாட்டை விட்டுவிட்டேன், அவற்றில் பிள்ளையின் உடம்பும் கோச்சும் சேர்ந்து முடிவெடுத்துவிடுவார்கள், நாம் யோசிக்க அதிகம் இருக்காது. இந்து மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ் மாதிரியானவை வீட்டு விஷயம்.

## முதலில் கெம்பஸ் கேள்வி

கழகத்தில் இருந்தால் கெம்பஸ் கிடைக்குமா? கிடைக்காது. அரச பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) இசட் ஸ்கோரை, அதாவது பாடங்களை ஒப்பிடும்படி சமன்செய்து கணக்கிடுகிற புள்ளியைப் பார்த்து. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இல்லை, இங்கே வெட்டுப்புள்ளியும் உயரம். இந்தக் கணக்கில் இன்டராக்ட் தலைவர் பதவிக்கோ சாரணர் சின்னத்துக்கோ அரைப் புள்ளி கூடக் கிடையாது. தேசிய, சர்வதேச மட்டத்தில் பெரிதாகச் சாதித்தவர்களுக்கு ஒரு சின்ன விசேட வழி இருப்பது உண்மை, ஆனால் அதைக் கணக்கில் வைத்து யாரும் தரம் 9இல் திட்டம் போடக் கூடாது.

சான்றிதழ் உதவுகிற இடங்கள் வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம், தனியார் கெம்பஸ்களின் ஸ்கொலர்ஷிப், ஏ.எல். முடித்த கையோடு வங்கியிலோ கம்பனியிலோ ட்ரெய்னியாகப் போகிற இன்டர்வியூ. அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" எட்டுக் கழகத்தில் பெயர் மட்டும் இருந்த பிள்ளை அங்கே திணறும்.

## எதை வைத்துப் பார்ப்பது

நான் முதலில் பார்ப்பது, அந்தக் கழகத்தில் ஒரு சாதாரண உறுப்பினர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன செய்கிறார் என்பதை. பிள்ளைகள் கழகத்தைத் தேர்ந்தெடுப்பது அசெம்பிளி மேடையில் மைக் பிடிக்கிற பிரசிடென்ட்டைப் பார்த்து. பிரசிடென்ட் வருஷத்துக்கு ஒருவர். தரம் 9இல் சேர்கிற பிள்ளை அடுத்த இரண்டு மூன்று வருஷம் செய்யப்போவது அவர் செய்கிற வேலையை அல்ல, நாற்காலி அடுக்குவது, நேரம் பார்ப்பது, பெயர் எழுதுவது, கயிறு கட்டுவது, இப்படி ஏதோ ஒன்றை. அந்த வேலையே பிள்ளைக்குப் பிடித்தால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

அடுத்தது நேரம். இதில் எத்தனை மணித்தியாலம் என்பதைவிட எந்த மணித்தியாலம் என்பதைப் பாருங்கள். பாடசாலை 1.30க்கு விடுகிறது. டியூசன் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ. இடையில் இருக்கிற துண்டு நேரத்தில் முடிகிற கழகம் ஒரு ரகம், சனி ஞாயிறைத் தின்கிற கழகம் இன்னொரு ரகம், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மீட்டிங் வைக்கிற கழகம் மூன்றாவது ரகம். வீடு வெள்ளவத்தையிலும் பாடசாலை பம்பலப்பிட்டியிலும் என்றால் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சரி. வத்தளையிலிருந்தோ மட்டக்குளியிலிருந்தோ ஸ்கூல் வேனில் வருகிற பிள்ளைக்கு, வேன் 1.30க்கே போய்விடும், அதற்குப் பிறகு நடக்கிற ஒவ்வொரு பிரக்டிசும் ஒரு ஆட்டோச் செலவு.

காசு என்றதும் சந்தாவைப் பார்க்காதீர்கள். எந்தக் கழகத்திலும் சந்தா சின்னத் தொகைதான். உடுப்பு, டீ-ஷர்ட், விற்காத டிக்கெட், பார்சல் சாப்பாடு, வீடு திரும்புகிற ஆட்டோ, இவைதான் செலவு.

கடைசியாக, எந்த வயதில் நுழைவது, எந்த மொழியில் வேலை நடக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். சில கழகத்துக்கு தரம் 10 என்பது பிந்திய வயது, சிலவற்றுக்கு அதுதான் சரியான வயது.

## தமிழ் மன்றமும் விவாத அணியும்

இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்கிறார்கள், இரண்டும் வேறு. தமிழ் மன்றம் பெரிய கூட்டம், வருஷத்துக்கு ஒரு பெரிய விழா, அதற்கு முன்னும் பின்னும் போட்டிகள். விவாத அணி ஒரு சின்னக் கூட்டம், மேடையில் பேசுவது மூன்று நான்கு பேர், மிச்சப் பேர் பின்வரிசை.

மன்றத்தின் பலம், பேச வராத பிள்ளைக்கும் அங்கே இடம் இருப்பது. கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டியை எடுங்கள்: பேச்சு, விவாதம் மட்டுமா, கட்டுரை, பாவோதல், இசை, நடனம், நாடகம், வில்லுப்பாட்டு என்று நீளும். பாடசாலையில் வென்றால் கோட்டம், பிறகு வலயம், மாகாணம், தேசியம். வில்லுப்பாட்டில் உடுக்கு அடிக்கிற பிள்ளைக்கும் மாகாணச் சான்றிதழ் கிடைக்கும். கையெழுத்து அழகான பிள்ளை, மேடைக்குப் பின்னால் திரை இழுக்கிற பிள்ளை, சஞ்சிகைக்கு எழுத்துப் பிழை பார்க்கிற பிள்ளை, எல்லோருக்கும் உண்மையான வேலை உண்டு. எழுத்துப் பிழை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் தனியாக ஒரு ஓட்டுப் போடுவேன், ஏனென்றால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே இல்லை.

விவாத அணியின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்றால்: இரண்டு மணி, எல்லோரும் போன பிறகு ஒரு வகுப்பறை, ஒரு மேசையைத் திருப்பிப் போட்டு அதுதான் மேடை. சீனியர் ஒருவர் பேச, தரம் 9 பிள்ளை ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டு இருக்கும், நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பேனாவால் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலில் ஒரு தட்டு, முடிந்ததும் இரண்டு தட்டு. முதல் வருஷம் பெரும்பாலும் இதுதான் வேலை. சலிப்பாகத் தெரியும். ஆனால் போத்தல் தட்டுகிற பிள்ளைதான் எல்லா வாதத்தையும் எல்லா மறுப்பையும் முழுசாகக் கேட்கிறது, இரண்டாம் வருஷம் அது எழுந்து பேசும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒரு சிக்கல், அதை நடுவர் கதிரையிலிருந்து அடிக்கடி பார்க்கிறேன். சில அணிகளில் பழைய மாணவர்களோ ஆசிரியரோ முழு உரையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அதை மனப்பாடம் செய்து வந்து, எதிரணி சொல்லவே சொல்லாத ஒரு வாதத்தை "எதிரணியினர் கூறியது போல" என்று தொடங்கி ஆவேசமாக மறுத்துவிட்டு உட்காரும். கைதட்டல் வரும், புள்ளி வராது. உங்கள் பாடசாலை அணி அந்த ரகமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு பிரக்டிசைப் போய்ப் பாருங்கள். தலைப்பைக் கொடுத்துவிட்டு பிள்ளைகளை யோசிக்க விடுகிறார்களா, கையில் கடதாசி கொடுக்கிறார்களா? கடதாசி என்றால் அங்கே குரல்தான் வளரும்.

இனி மறைந்திருக்கிற செலவு. மன்றத்தில் அது விழா மலர். மலரை அச்சடிக்க விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்கு செட்டியார் தெரு நகைக்கடைகள் வேண்டும். வெள்ளைச் சீருடையில் நாலு பேர், அதிபர் கையெழுத்திட்ட கடிதம் வைத்த ஒரு ஃபைல், முழுப் பக்கம் இவ்வளவு அரைப் பக்கம் இவ்வளவு என்று ஒப்பித்துக்கொண்டே ஏறிப் போவார்கள். "முதலாளி இல்லை தம்பி, அடுத்த கிழமை வாங்க." அடுத்த கிழமையும் முதலாளி இருக்க மாட்டார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, முன்பின் தெரியாதவரிடம் போய்க் காசு கேட்டு, மறுத்தாலும் சிரித்துக்கொண்டே வெளியே வருவதை வேறு எங்கே பழகுவது? ஆனால் அந்த அலைச்சல் வகுப்பு நேரத்திலும் நடக்கிறது. ஏ.எல். பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பதை விழா நேரத்தில் எல்லோரும் மறந்துபோகிறார்கள். அதோடு ஆளுக்கொரு டிக்கெட் புத்தகம். விற்காத டிக்கெட்டை வாங்குவது யார் என்று கேட்கத் தேவையில்லை, அப்பாதான்.

விவாத அணியில் செலவு சனிக்கிழமை. பாடசாலைகளுக்கிடையிலான போட்டி காலையில் தொடங்கினால் இறுதிச் சுற்று முடிய இருட்டிவிடும். சனிக்கிழமை கிளாஸ் உள்ள பிள்ளை இதை முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். புத்தகச் செலவு மட்டும் கிடையாது, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, பொது நூலகம் இருக்கிறது, போய்ப் பழகினால் போதும்.

எப்போது இது சரி: வாசிக்கிற பிள்ளை, தமிழில் கதைப்பதிலும் எழுதுவதிலும் ஆசை, தரம் 8 முதல் 10 வரை எப்போதும் நுழையலாம். வாயாடிப் பிள்ளையை மட்டும்தான் விவாதத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை, அமைதியாக இருந்து குறிப்பெடுக்கிற பிள்ளைகள் மறுப்புரையில் வெளுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

## சாரணர், கைட்

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது வயது. இலங்கைச் சாரணத்தில் ஏறிப்போக ஒரு படிவரிசை இருக்கிறது: அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, உச்சியில் ஜனாதிபதி சாரணர் விருது. அந்த உச்சி விருதை 18 வயதுக்கு முன் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையில் சின்னங்கள், பாசறைகள், காத்திருக்க வேண்டிய காலம். தரம் 6, 7இல் சேர்ந்த பிள்ளைக்கு இது நிதானமான நடை. தரம் 10இல் சேர்கிற பிள்ளைக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை), ஏ.எல். இரண்டுக்கும் நடுவே மூச்சு வாங்குகிற ஓட்டம். விருது வேண்டாம், பாசறை அனுபவம் போதும் என்றால் தரம் 10இலும் தாராளமாகச் சேரலாம், ஆனால் அதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டு சேருங்கள்.

இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது, பெண்களுக்கான கைட் 1917இல் கண்டியில். இவ்வளவு பழைய அமைப்பு என்பதால் ஒரு பெரிய வசதி: விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பொறுப்பாசிரியர் மாறினாலும் படிவரிசை மாறாது, பிள்ளை எடுத்த சின்னத்தை யாரும் பறிக்க முடியாது. மற்றக் கழகங்களில் வருஷா வருஷம் போர்ட், அதாவது பதவிக் குழு, மாற எல்லாமே மாறும். அதோடு இந்த நான்கிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே கை வேலை கிடைப்பது இங்கே மட்டும்தான். முடிச்சுப் போடு, கூடாரம் அடி, விறகு பொறுக்கு. போர்டுக்கு வருவதற்காகக் காத்திருக்க ஒன்றும் இல்லை.

சாரணருக்கு 'வேலை வாரம்' என்று ஒன்று உண்டு, அதை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள். பிள்ளைகள் கார்டோடு வீடு வீடாகப் போய் ஏதாவது வேலை செய்து கொடுத்துக் காசு வாங்க வேண்டும், கொடுத்த தொகையைக் கார்டில் எழுத வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கேற்றைத் தட்டினால் ஒரு ஆன்ட்டி வந்து, காரைக் கழுவச் சொல்லிவிட்டு பிஸ்கட்டும் தருவார். இப்போது பாதி ஒழுங்கை அடுக்குமாடி வீடுகள். கீழே செக்யூரிட்டி அங்கிள் இன்டர்கொம்மில் மேல் மாடிக்கு "சாரணர் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், விடவா?" என்று கேட்டு, மூன்று வீட்டில் வேண்டாம் சொல்லி, நாலாவது வீட்டில் லிப்ட் வாசலைக் கூட்டச் சொன்னார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னது. கார்டில் "லிப்ட் வாசல்" என்றே எழுதியிருந்தது.

செலவு தெரிந்தே வருகிறது: சீருடை, தொப்பி, கழுத்துப்பட்டி, பெல்ட், சப்பாத்து, பிறகு பாசறைப் பை. பிள்ளை வளர வளர சீருடை மாறும், சீனியர்களிடம் பழையதை வாங்குவது வழக்கம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள். மறைந்த செலவு வார இறுதி இரவுகள். பாசறைக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் இல்லை என்றால், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில், பிள்ளை பாதிப் படியில் நின்றுவிடும். அதைச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துக் கண்டுபிடிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பாசறைக்கு விட மாட்டோம் என்பதுதான் வீட்டு முடிவு என்றால் சாரணியத்தை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஓ.எல். எழுதி முடித்து ஏ.எல். வகுப்பு சூடு பிடிக்கிற வரைக்கும் ஒரு இடைவெளி வரும் அல்லவா, பிந்தியிருந்த சின்னங்களைப் பல பிள்ளைகள் முடிப்பது அந்த இடைவெளியில்தான். அந்த நேரத்தில் ஏ.எல். கிளாசை முன்கூட்டியே தொடங்கிவிடுகிற வீடுகளில் இது கொஞ்சம் சண்டைக்குரிய விஷயம்.

## இன்டராக்ட், லியோ

இன்டராக்டுக்குப் பின்னால் ரொட்டரிக் கழகம், லியோவுக்குப் பின்னால் லயன்ஸ் கழகம். இன்டராக்ட் 1962இல் அமெரிக்காவில் தொடங்கியது, 12 முதல் 18 வயது வரை சேரலாம். வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு ப்ரொஜெக்ட் செய்ய வேண்டும், ஒன்று பாடசாலைக்கோ ஊருக்கோ, இன்னொன்று சர்வதேசப் புரிந்துணர்வுக்கு. கொழும்புக் கழகங்கள் இரண்டோடு எங்கே நிற்கின்றன, டெங்குச் சிரமதானம், கொப்பி புத்தகம் கொடுப்பது, முதியோர் இல்லம், இரத்ததானம் என்று மாசத்துக்கு மாசம் ஏதாவது.

இரத்ததான முகாம் எனக்குப் பிடித்த உதாரணம். இரத்தம் கொடுக்க 18 வயதாக வேண்டும், ஆகவே முகாமை நடத்துகிற பிள்ளைகளில் அநேகமாக யாராலும் கொடுக்க முடியாது. அவர்கள் செய்வது: நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தோடு கதைத்துத் திகதி எடுப்பது, மண்டபத்துக்கு அதிபரிடம் அனுமதி, பழைய மாணவர்களுக்கு ஃபோன், வாசலில் பெயர் பதிவு, கொடுத்து முடித்தவருக்கு பிஸ்கட்டும் குளிர்பானமும். பதினைந்து வயதில் ஒரு அரச நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்து மூன்று மொழியில் தடுமாறித் திகதி வாங்குவது சின்ன விஷயம் இல்லை. இன்டர்வியூவில் "என்ன செய்தீர்கள்" என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளைக்குத்தான் பதில் கையில் இருக்கும், அதுவும் டிரெஷரராகவோ செக்ரட்டரியாகவோ இருந்திருந்தால் நன்றாகவே இருக்கும்.

ஆனால் அது போர்டில் இருக்கிற பிள்ளைக்கு. சாதாரண உறுப்பினர் சனிக்கிழமை டீ-ஷர்ட் போட்டு, படத்துக்கு நின்று, மத்தியானம் பார்சல் சாப்பிட்டு வீடு வருவார். சில கழகங்களில் ப்ரொஜெக்டைவிட ப்ரொஜெக்ட் ரிப்போர்ட் பெரிது. பத்துக் கொப்பி கொடுக்கப் போய் நூறு படத்தோடு திரும்புகிற கழகமும் கொழும்பில் உண்டு, உங்கள் பாடசாலைக் கழகம் எது என்று அதன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: படத்தில் பிள்ளைகளின் கை வேலையில் இருக்கிறதா, எல்லோரும் கமெராவைப் பார்க்கிறார்களா.

மொழிக்கு வருவோம். பாடசாலைக்கு வெளியே போகிற கூட்டங்கள், மற்றப் பாடசாலைகளோடு சேர்ந்து செய்கிற ப்ரொஜெக்ட், கடிதம், ரிப்போர்ட், எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலத்தில் படிக்கிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் வாயே திறக்காது. தாக்குப் பிடித்தால், ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாசுக்குக் கட்டுகிற காசை விட நல்ல பலன் இங்கே கிடைக்கும், சிங்களமும் கூடவே வரும். தாக்குப் பிடிக்காத பிள்ளை ஒரு வருஷம் படத்தில் நின்றுவிட்டு விலகிவிடும். இதில் நடு வழி குறைவு.

மறைந்த செலவு: ஒவ்வொரு ப்ரொஜெக்டுக்கும் டீ-ஷர்ட், பதவியேற்பு விழாவுக்குக் கட்டணம், ப்ளேசர் தைத்தால் அது தனி. அப்புறம் ஃபோன். வேலையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில், அதுவும் டியூசன் முடிந்து எல்லோரும் வீடு வந்த பிறகு, அதாவது இரவு. ரொட்டரி வருஷம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது, பரீட்சைக் காலண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்ட் பதவிகள் கைக்கு வருவதும் ஏ.எல். படிக்கிற காலத்தில்தான்.

எப்போது சரி: தரம் 10க்குப் பிறகும் சேரலாம், ஆட்களோடு பழகத் தயங்காத அல்லது தயக்கத்தைப் போக்க வேண்டிய பிள்ளை, ஏ.எல். முடித்து வேலைக்கோ தனியார் கெம்பஸுக்கோ போகிற எண்ணம்.

## சயன்ஸ், ஐசிடி கழகங்கள்

சுருக்கமாகச் சொல்லலாம். நேரம் குறைவு, பெரும்பாலும் பாடசாலை விட்ட கையோடு முடிந்துவிடும். வினாடி வினா அணி, கண்காட்சி, ரோபோ அல்லது ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு. புத்தாக்குநர் ஆணைக்குழு நடத்துகிற 'சஹசக் நிமவும்' போட்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளும் போகிறார்கள், சொந்தமாக ஒன்றைச் செய்கிற பிள்ளைக்கு அது நல்ல இலக்கு.

இங்கே பிரச்சினை, நாலு பேர் செய்வார்கள் இருபது பேர் பார்ப்பார்கள். பார்க்கிற இருபதில் ஒன்றாக இருக்கப் போனால் அந்த நேரத்தை வீட்டில் தூங்கலாம். செலவும் செய்கிறவருக்குத்தான்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சென்சர், ஒரு மோட்டர், எரிந்துபோனால் இன்னொன்று. கழகத்துக்கு என்று ஒரு பெட்டி நிறைய சாமான் இருக்கிறதா, அந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். திறப்பு கண்காட்சி அன்று மட்டும் வெளியே வருகிறதென்றால் சேர வேண்டாம். ஐசிடி மட்டும் கொஞ்சம் வேறு, வீட்டில் ஒரு பழைய லெப்டொப் இருந்தால் பிள்ளை தானாகவே முன்னால் போகலாம், கழகம் சேர்ந்து செய்ய நாலு கூட்டாளிகளைத் தரும்.

## ஒரே பார்வையில்

| | தமிழ் மன்றம் / விவாதம் | சாரணர் / கைட் | இன்டராக்ட் / லியோ | சயன்ஸ் / ஐசிடி |
|---|---|---|---|---|
| சேர நல்ல காலம் | தரம் 8–10 | தரம் 6–8 | தரம் 9–11 | எப்போதும் |
| தின்கிற நேரம் | விழாவுக்கு முன் இரண்டு மாதம்; விவாதத்துக்கு சனி | வார இறுதி, பாசறை இரவுகள் | இரவு வாட்ஸ்அப், சனி | பாடசாலை விட்ட பின் ஒரு மணி |
| மறைந்த செலவு | டிக்கெட், அலைச்சல், ஆட்டோ | சீருடை, பாசறைச் சாமான் | டீ-ஷர்ட், விழாக்கள், ப்ளேசர் | உதிரிப் பாகங்கள் |
| புது உறுப்பினர் செய்வது | நேரம் பார்ப்பது, ஒத்திகை, பிழை திருத்தம் | முதல் நாளே கை வேலை | பதிவு, பரிமாறல், படம் | பார்ப்பது, அல்லது தானாகச் செய்வது |
| வேலை நடக்கிற மொழி | தமிழ் | கலவை | பெரும்பாலும் ஆங்கிலம் | கலவை |
| ஏ.எல். இரண்டாம் வருஷத்தில் | எளிதாக ஒதுங்கலாம் | 18 வயதுக் கெடு இருக்கும் | ஒப்படைத்துவிட்டு வர வேண்டும் | எளிதாக ஒதுங்கலாம் |

இரண்டில் சேரலாமா என்றால், சேரலாம், ஆனால் ஒரே நேரத்தைத் தின்கிற இரண்டைச் சேர்க்காதீர்கள். விவாதமும் இன்டராக்டும் இரண்டுமே சனிக்கிழமை, மோதும். சாரணரும் சயன்சும் மோதாது. தமிழ் மன்றமும் ஐசிடியும் நன்றாகவே ஒத்துப்போகும், மலருக்கு வடிவமைப்புச் செய்ய ஆள் கிடைத்துவிட்டால் மன்றம் அந்தப் பிள்ளையைத் தலையில் வைத்துக் கொண்டாடும்.

## கேட்டவர்களுக்கு

தரம் 9 மகன், சாரணரா விவாதமா: சாரணரில் இதுவரை இல்லையென்றால், ஆசைப்படுகிற விவாதத்துக்கே விடுங்கள். சேர் கேட்கிறார் என்பது சேருக்கு ஆள் தேவை என்பதற்கான காரணம், பிள்ளைக்கான காரணம் அல்ல. தரம் 6இலிருந்தே சாரணரில் இருந்து நாலு சின்னம் எடுத்த பிள்ளையாக இருந்தால் பதில் தலைகீழ்: படியை முடிக்கட்டும், விவாதத்துக்கு வயதுக் கெடு கிடையாது.

தரம் 10 மகள், இன்டராக்ட், டியூசன் பயம்: ஓ.எல். வருஷம் நெருங்குகிறது, இப்போது உறுப்பினராக மட்டும் இருக்கட்டும், பதவி வேண்டாம். ஓ.எல். முடிந்ததும் பதவிக்குப் போகலாம், அப்போது கொடுக்க மாட்டார்கள் என்று மகள் பயந்தால், ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளைக்குக் கழகங்களில் எப்போதும் தட்டுப்பாடுதான் என்று சொல்லுங்கள். ஃபோன் இரவு ஒன்பதரைக்கு வரவேற்பறைக்கு வந்துவிட வேண்டும் என்று சேர்வதற்கு முன்பே பேசி முடியுங்கள், சேர்ந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஏ.எல். முதல் வருஷம், இதுவரை எதிலும் இல்லை, சான்றிதழ் வேண்டும்: தம்பி, நாலு கழகத்தில் பெயர் கொடுக்காதே. உன் பாடசாலையில் ஆண்டு விழா எந்தக் கழகத்துக்கு அடுத்து வருகிறது என்று பார், அங்கே போய் ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக எடு: ஒலி, அழைப்பிதழ், சாப்பாடு, எதுவானாலும். பொறுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கு, அதில் நீ செய்த வேலையைப் பெயரிட்டு எழுதச் சொல். வெறும் "உறுப்பினர்" என்ற சான்றிதழை விட அது இன்டர்வியூவில் பேசும்.

வேனில் வருகிற பிள்ளை, 1.30க்குப் பிறகு நிற்க வழியில்லை: இடைவேளையில் கூடுகிற கழகம் எது என்று கேளுங்கள். பல பாடசாலைகளில் மன்றத்தின் சஞ்சிகைக் குழு அப்படித்தான் கூடுகிறது, மிச்ச வேலையை வீட்டிலிருந்து செய்யலாம். வீட்டுக்குப் பக்கத்தில் பாடசாலைக்கு வெளியே இயங்குகிற சாரணர் துருப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ப்ளேசர் ஆசை: எந்தக் கழகத்துக்கு ப்ளேசர் என்பது பாடசாலைக்குப் பாடசாலை மாறும், ஆனால் கணக்கு ஒன்றுதான். இருநூறு பேர் உள்ள கழகத்தில் போர்டுக்கு வர வரிசை நீளம். ஆள் குறைந்த கழகத்தில் போர்டுக்கே ஆள் தேடுவார்கள், அதில் சேர், இரண்டு வருஷம் ஒழுங்காக வா. தைக்கிற காசைப் பற்றி மட்டும் இப்போதே வீட்டில் சொல்லி வை, ஏனென்றால் ஏ.எல். முடிந்ததும் அதைப் போட ஒரு இடமும் இருக்காது என்று அம்மா கட்டாயம் கேட்பார்.